ஏட்டெண் முதல் இணைப்பு வரை: தமிழ் நூல்களில் தலைப்பும் பொருளடக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் தலைப்புப் பாணிகளைப் பயன்படுத்தி எழுதப்பெறும் ஆவணத்திற்குப் பொருளடக்கம் தானாகவே உருவாகிறது. இது மென்பொருள் தந்த புதிய வசதி என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் நூலின் பகுப்பைப் பக்கத்தைச் சாராமல் பனுவலுக்குள்ளேயே அமைக்கும் முறை தமிழில் சுவடிக் காலத்திலேயே நிலைபெற்றிருந்தது. அச்சு அப்பகுப்பைப் பக்க எண்ணோடு பிணைத்தது. எழுத்துருக் காலத் தட்டச்சு அதனை வெறுந் தோற்றமாகச் சுருக்கியது. இணையமும் மின்னூலும் அதனை மீண்டும் பனுவலுக்குள் வைக்குமாறு வேண்டுகின்றன. இம்மாற்றங்களை ஆராய்ந்து, தமிழ் ஆய்வேடுகளில் தலைப்பு நிலைகளைக் குறிப்பது பதிப்புப் பணியின் ஒரு கூறே என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: தலைப்புப் பாணி, பொருளடக்கம், பதிகம், ஒருங்குறி, மின்னூல், ஆய்வேடு, தாம்பரம்

முன்னுரை

தமிழ் நூலின் மூன்று வடிவங்களையும் சென்னையின் தென்பகுதியில் ஒரே நாட் பயணத்தில் காணவியலும். 1943இல் நிறுவப்பெற்று இன்று பெசன்ட் நகரில் இயங்கும் உ.வே.சாமிநாதையர் நூலகத்தில் ஓலைச்சுவடிகள் உள்ளன. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் 19, 20ஆம் நூற்றாண்டு அச்சு நூல்கள் பேணப்படுகின்றன. 1837இல் தோன்றிய சென்னைக் கிறித்தவக் கல்லூரி, 1937இல் சென்னையின் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்திற்கு இடம் பெயர்ந்தது. அதன்பின் கல்வி நிறுவனங்கள் பெருகிய இப்புறநகர்ப் பகுதியில் இன்று ஆய்வேடுகள் கணினியிலேயே பிறக்கின்றன. தமிழ் மின்னூல்களை வெளியிடும் கணியம் அறக்கட்டளையும் தாம்பரத்தைச் சார்ந்து இயங்குவதாகும்.

சுவடி, அச்சு நூல், மின்னூல் ஆகிய மூன்றிலும் படிப்பவர் முன் நிற்கும் வினா ஒன்றே: வேண்டிய பகுதி எங்குள்ளது? இவ்வினாவிற்கு ஒவ்வொரு காலமும் தந்த விடை வேறானது. அவ்விடைகளை வரிசைப்படுத்திக் காணும்போதே இன்றைய தானியங்கிப் பொருளடக்கத்தின் இடம் விளங்கும்.

1. இலக்கண மரபில் நூலின் உறுப்புகள்

நூல் என்பது பகுதிகளால் ஆன அமைப்பு என்னும் கருத்தைத் தொல்காப்பியம் வெளிப்படையாகப் பேசுகிறது. ஒரு பொருளைக் கூறுவது சூத்திரம். ஓரினப் பொருள்களை முறைப்படத் தொகுப்பது ஓத்து. பல இனங்களையும் பொதுவாக அடக்குவது படலம். இம்மூன்று உறுப்புகளையும் கொண்டது பிண்டம் எனச் செய்யுளியல் நால்வகை நிலைகளை வகுக்கிறது. சிறியது பெரியதனுள் அடங்கும் இவ்வடுக்குமுறை, இன்றைய தலைப்பு நிலைகளின் அடுக்குமுறையோடு ஒப்பிடத்தக்கது.

தொல்காப்பியமே இவ்வமைப்பிற்குச் சான்றாகும். எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்கள், ஒவ்வொன்றிலும் ஒன்பது இயல்கள், ஒவ்வோர் இயலிலும் நூற்பாக்கள் என அது மூன்று நிலைகளில் அமைகிறது. ஐங்குறுநூற்றில் ஐந்து திணைகள், திணைக்குப் பத்துப் பத்துகள், பத்திற்குப் பத்துப் பாடல்கள் என 500 பாடல்கள் நிற்கின்றன. இவற்றுள் ஒவ்வொரு பத்திற்கும் வேட்கைப்பத்து, தொண்டிப்பத்து எனத் தனிப்பெயர் உண்டு. எனவே 'தொண்டிப்பத்தில் மூன்றாம் பாடல்' என்று கூறினால் எந்தப் படியிலும் அப்பாடலைக் கண்டுவிடலாம்.

உத்திகளைப் பற்றிய இலக்கணமும் இவண் கருதத்தக்கது. நன்னூல் கூறும் 32 உத்திகளுள் ஓத்துமுறை வைப்பு, தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் ஆகியவை இடம்பெறுகின்றன. கூறவிருப்பதை முதலில் தொகையாகச் சுட்டிப் பின்னர் விரிப்பது ஆசிரியன் கடமை என்பது இவற்றின் கருத்தாகும். அந்நூல் தானே இதனைப் பின்பற்றுகிறது. எழுத்ததிகாரத்தின் தொடக்கத்தில் எண், பெயர், முறை, பிறப்பு முதலாகப் புணர்ச்சி ஈறாகப் பன்னிரு கூறுகள் ஒரு நூற்பாவில் அடுக்கப்படுகின்றன. அவ்வதிகாரம் அக்கூறுகளையே விரித்துரைக்கிறது. அந்நூற்பா அவ்வதிகாரத்தின் பொருளடக்கமாக நின்று பயன்படுகிறது எனலாம்.

2. சுவடியில் பொருளடக்கம்

ஓலைச்சுவடியில் பனுவல் பெரும்பாலும் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பெற்றது. எழுத்தாணியால் கீறப்படும் எழுத்தின் அளவை மாற்றித் தலைப்பைப் பெரிதாகக் காட்டும் வழக்கம் பரவலாக இல்லை. ஒரு பகுதி முடிந்தது என்பதை 'முற்றும்' போன்ற குறிப்புகளே உணர்த்தின. புறநானூற்றில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகிய செய்திகள் பாடலின் பின்னரே தரப்பட்டிருப்பதும் இம்மரபைச் சார்ந்ததாகும்.

ஏடுகளுக்கு எண் இடும் வழக்கம் இருந்தது. ஏட்டின் இடப்புற ஓரத்தில் தமிழ் எண்ணால் அது குறிக்கப்பட்டது. ஆயின் அவ்வெண் அச்சுவடிக்கு மட்டுமே உரியது. ஏட்டின் நீளமும் எழுதுவோர் கையெழுத்தும் மாறியமையால் ஒரு படியில் பத்தாம் ஏட்டில் அமைந்த பாடல் மற்றொரு படியில் பதினான்காம் ஏட்டில் அமையக்கூடும். எனவே ஏட்டெண்ணைச் சுட்டும் பொருளடக்கத்தைப் பனுவலோடு சேர்த்துப் படியெடுப்பதில் பயனில்லை. படிதோறும் மாறாமல் நிற்பது பனுவலின் உட்பகுப்பு ஒன்றே.

இச்சூழலில் தோன்றிய தீர்வே செய்யுள் வடிவப் பொருளடக்கமாகும். சிலப்பதிகாரப் பதிகம் கதைச் சுருக்கத்தைக் கூறியபின், மங்கல வாழ்த்துப் பாடல் தொடங்கி நூலின் முப்பது பகுதிகளையும் பெயர் சுட்டி நிரல்படக் கூறி, அவற்றின் தொகையையும் தருகிறது. மணிமேகலைப் பதிகமும் அந்நூலின் முப்பது காதைகளின் செய்திகளை வரிசையாகத் தருகிறது. இப்பதிகங்கள் நூலாசிரியராலேயே இயற்றப்பட்டனவா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. எவர் இயற்றியிருப்பினும் அவற்றின் பயன் தெளிவானது. பகுதிகளின் பெயரும் வரிசையும் தொகையும் யாப்பினுள் கட்டப்பட்டமையால், ஒரு காதை விடுபட்டாலோ இடம் மாறினாலோ படியெடுப்பவர் அறிந்துகொள்ளவியலும். இடத்தைக் காட்டுவதோடு நூலின் முழுமையைக் காப்பதும் அதன் பணியாயிற்று.

3. அச்சும் பக்க எண்ணும்

1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் 16 பக்கங்களே உடையது. அதற்குப் பொருளடக்கம் வேண்டியதில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் அச்சகம் நிறுவப்பெற்றது. 1835இல் இந்தியர் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகள் நீங்கின. அதன்பின் தமிழ் நூல்கள் பெருமளவில் அச்சேறின. அச்சால் நேர்ந்த அடிப்படை மாற்றம், ஒரு பதிப்பின் எல்லாப் படிகளிலும் ஒரே பக்கத்தில் ஒரே செய்தி அமைந்ததாகும். ஏட்டெண்ணுக்கு இல்லாத நிலைத்தன்மை பக்க எண்ணுக்குக் கிடைத்தது. இதனால் பக்கத்தைச் சுட்டும் பொருளடக்கமும் அகராதி முறைச் சொல்லடைவும் பயனுடையன ஆயின.

சி.வை.தாமோதரம் பிள்ளை, உ.வே.சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புகள் இம்மாற்றத்தின் சிறந்த விளைவுகளாகும். சீவகசிந்தாமணி 1887இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் உ.வே.சா.வால் பதிப்பிக்கப்பெற்றன. சுவடியில் மூலமும் உரையும் மேற்கோளும் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடந்தன. அவற்றைப் பிரித்தறிந்து, மூலத்திற்கு ஓர் எழுத்தளவும் உரைக்கு மற்றோர் எழுத்தளவும் தந்து, பகுதிகளுக்குத் தலைப்பிட்டு, நூல்முகப்பிலும் இறுதியிலும் துணைப்பகுதிகளை அமைப்பது பதிப்பாசிரியரின் கடமையாயிற்று. தலைப்பைத் தலைப்பென்று அறுதியிடுவது அச்சுக் கோப்பவரிடம் விடப்பட்ட வேலையன்று. சுவடிகளை ஒப்பிட்டுப் பெற்ற அறிவின் வெளிப்பாடு.

திருக்குறள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். மூன்று பால்கள், 133 அதிகாரங்கள் என்பதில் வேறுபாடில்லை. ஆயின் இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள இயல் பகுப்பிலும், சில அதிகாரங்களின் வைப்புமுறையிலும் பரிமேலழகரும் மணக்குடவர் முதலிய பிற உரையாசிரியர்களும் வேறுபடுகின்றனர். ஆதலின் குறட்பதிப்பொன்றின் பொருளடக்கத்தைப் பார்த்த அளவிலேயே அது எவ்வுரை மரபைத் தழுவியது என்பதை ஓரளவு கூறிவிடலாம்.

அச்சுப் பொருளடக்கத்திற்கு ஒரு குறையும் இருந்தது. நூல் முழுவதும் கோக்கப்பட்டுப் பக்கங்கள் உறுதியான பின்னரே அதனை உருவாக்க இயலும். முகப்புப் பக்கங்களுக்குத் தனி எண்வரிசை தரும் வழக்கிற்கு இதுவும் ஒரு காரணமாகும். மறுபதிப்பில் எழுத்தளவு மாறினால் பொருளடக்கத்தையும் புதிதாகவே அமைக்க வேண்டும். ஒரு பதிப்பின் பக்க எண் மற்றொரு பதிப்பிற்குப் பொருந்தாது. இதனாலேயே சங்க நூல்களையும் காப்பியங்களையும் மேற்கோள் காட்டும் ஆய்வாளர் இன்றும் பக்க எண்ணைத் தவிர்த்துப் பாடல் எண்ணையும், காதையும் அடியும் சேர்ந்த எண்ணையும் சுட்டுகின்றனர்.

4. குறியிடும் முறையின் தோற்றம்

கணினியில் ஆவணம் எழுதும் முறை தொடக்கத்தில் அச்சுத் தோற்றத்தையே பின்பற்றியது. இவ்வரியைப் பெரிதாக்கு, இதனை நடுவில் வை, இத்தனை வரி இடைவெளி விடு என்னும் கட்டளைகளே பனுவலில் கலந்திருந்தன. இதற்கு மாற்றாக, ஒரு பகுதி எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை விடுத்து அது என்ன உறுப்பு என்பதைக் குறிக்கவேண்டும் என்னும் கருத்து 1960களின் இறுதியில் வலுப்பெற்றது. 1969இல் ஐபிஎம் நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகியோர் இக்கருத்தின் அடிப்படையில் ஒரு குறிமொழியை உருவாக்கினர். அதன் வளர்ச்சியாக வந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் பன்னாட்டுத் தரமாயிற்று. 1980களில் லெஸ்லி லாம்போர்ட் உருவாக்கிய லேட்டெக், தலைப்பாகக் குறிக்கப்பட்டவற்றைத் தனிக்கோப்பொன்றில் திரட்டி, அடுத்த முறை இயக்கப்படும்போது பக்க எண்களோடு பொருளடக்கமாக அமைத்தது. டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த எச்.டி.எம்.எல். மொழியில் தொடக்கம் முதலே ஆறு நிலைத் தலைப்புகள் இடம்பெற்றன.

சொற்செயலிகளில் இக்கருத்து 'பாணி' என்னும் பெயரில் வந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்டு, லிப்ரே ஆஃபிஸ், கூகுள் டாக்ஸ் ஆகிய மூன்றிலும் 'தலைப்பு 1', 'தலைப்பு 2', 'தலைப்பு 3' முதலிய பாணிகள் உள்ளன. ஒரு வரிக்குத் தலைப்பு 1 என்னும் பாணியைத் தந்தால், அதன் எழுத்தளவு மாறுவதோடு, அது நூலின் முதல்நிலை உறுப்பு என்னும் செய்தியும் ஆவணத்தில் பதிவாகிறது. பொருளடக்கத்தைச் சேர்க்கும் கட்டளை அச்செய்திகளைத் திரட்டி, நிலைக்கேற்ப உள்தள்ளி, இணைப்புகளோடு அடுக்குகிறது. தலைப்பைத் திருத்தினாலோ இயல்களை இடம் மாற்றினாலோ, புதுப்பித்தற் கட்டளையைத் தந்தவுடன் பொருளடக்கமும் மாறிவிடுகிறது. கூகுள் டாக்ஸில் பொருளடக்கத்தைச் சேர்க்கும்போது பக்க எண்ணுடன் கூடிய வடிவமும் இணைப்புகளால் ஆன வடிவமும் தரப்படுகின்றன. முன்னது அச்சு மரபின் எச்சம். பின்னது பக்கமே இல்லாத இணையத்திற்கு உரியது.

5. எழுத்துருக் காலத்து இழப்பு

மேற்கூறிய வசதிகள் சொற்செயலிகளில் நெடுங்காலமாக இருந்தும் தமிழ் ஆவணங்களில் அவை மிகுதியாகப் பயன்படவில்லை. இதற்குப் பழக்கமின்மையை மட்டும் காரணமாகக் கூறுவது பொருந்தாது. ஒருங்குறிக்கு முற்பட்ட தமிழ் எழுத்துருக்களின் அமைப்பே தடையாக இருந்தது எனக் கருத இடமுண்டு.

அவ்வெழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலோ அவற்றை அடுத்த இடங்களிலோ தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டன. கணினியைப் பொறுத்தவரை ஆவணத்தில் இருந்தவை ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளுமே. எழுத்துருவால் மட்டுமே அவை தமிழாகத் தோன்றின. வேர்டு செயலியில் தலைப்புப் பாணிக்கும் பொருளடக்க வரிகளின் பாணிக்கும் தனித்தனி எழுத்துரு அமைப்புகள் உண்டு. தலைப்புப் பாணிக்குத் தமிழ் எழுத்துருவைத் தந்து, பொருளடக்கப் பாணிக்குத் தராமல் விட்டால், தானாக உருவாகும் பொருளடக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவையாகவே தோன்றும். காரணம் அறியாத ஒருவர் இதனைக் கண்டபின் பொருளடக்கத்தைக் கையால் தட்டச்சு செய்வதையே நம்பத்தக்க வழியாகக் கொள்வது இயல்பு. இவ்வாறே தலைப்பைத் தடித்த எழுத்தில் அமைத்து நடுவில் வைப்பதும், பொருளடக்கத்தைப் புள்ளிகள் இட்டுத் தனியாகத் தட்டச்சு செய்வதும் வழக்கமாயின. கண்ணுக்குத் தலைப்பாகத் தோன்றுவது கணினிக்கு வெறும் பத்தியாகவே நின்றது.

இந்நிலை மாறுவதற்கான அடிப்படை படிப்படியாக அமைந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியேற்றத்திற்கும் தரம் வகுத்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. ஒருங்குறியில் எழுத்துருவை மாற்றினாலும் தமிழ் எழுத்து தமிழாகவே நிற்பதால், பொருளடக்கம் சிதைவதற்கு இருந்த பழைய காரணம் நீங்கிவிட்டது. எனினும் அக்காரணத்தால் தோன்றிய வழக்கம் இன்னும் நீங்கவில்லை.

6. இணையத் தமிழில் தலைப்புகள்

2003இல் தொடங்கப்பெற்ற தமிழ் விக்கிப்பீடியாவில் பங்களித்தோர், பாணி என்னும் பெயரை அறியாமலேயே அம்முறையைப் பின்பற்றினர். சமக்குறிகளுக்கு இடையே எழுதப்படுவது தலைப்பு. குறிகளின் எண்ணிக்கையே அதன் நிலை. ஒரு பக்கத்தில் நான்கோ அதற்கு மேலோ தலைப்புகள் இருந்தால் அதன் மென்பொருள் பொருளடக்கத்தைத் தானே உருவாக்குமாறு அமைக்கப்பட்டிருந்தது.

ஆயின் இணைப்பு வேலை செய்வதற்கு ஒவ்வொரு தலைப்புக்கும் அடையாளப் பெயர் வேண்டும். இவ்விடத்தில் தமிழுக்குத் தனிச் சிக்கல்கள் நேர்ந்தன. விக்கிப்பீடியாவின் மென்பொருள் முன்னர் ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை எண்குறிகளாக மாற்றியே அடையாளப் பெயரை அமைத்தது. 'வரலாறு' என்னும் சொல் கணினியில் ஆறு குறிகளாலானது; ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்வது; ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்துருக்களாக எழுதப்படுவது. எனவே அச்சிறு தலைப்பின் அடையாளப் பெயர் 54 எழுத்துருக்கள் நீண்டது. 2017 முதல் தமிழெழுத்துகளையே அடையாளப் பெயராகக் கொள்ளும் முறை வந்தது.

இன்னொரு சிக்கல் இதனினும் நுட்பமானது. சில நிரல்கள் அடையாளப் பெயரை உருவாக்கும்போது எழுத்துகளையும் எண்களையும் மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கிவிடுகின்றன. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் ஒருங்குறியில் சார்புக் குறிகளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதால் அவையும் நீங்கிவிடுகின்றன. 'தமிழ்' என்பது 'தமழ' ஆகிறது. 'கல்', 'கலை', 'கலி' ஆகிய மூன்றும் 'கல' என ஒன்றாகிவிடுகின்றன. ஒரே பக்கத்தில் இத்தகைய இரு தலைப்புகள் வந்து, நிரல் அவற்றை வேறுபடுத்தாவிடின், இரண்டாம் இணைப்பும் முதற் பகுதிக்கே செல்லும். புள்ளியும் உயிர்க்குறியும் தமிழ் எழுத்தின் பிரிக்கவியலாக் கூறுகள் என்னும் எழுத்திலக்கண உண்மை, ஒரு பொருளடக்கம் சரியாக இயங்குவதற்கும் இன்றியமையாததாகிறது.

மின்னூலில் தலைப்பின் தேவை மேலும் கூடுகிறது. 2013இல் தொடங்கப்பெற்ற ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் என்னும் மின்னூல் திட்டம் கணியம் அறக்கட்டளையோடு தொடர்புடையது. இத்திட்டம் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் நூல்களை வெளியிடுகிறது. ஒரு நூலையே ஈபப், மோபி, ஏ4 அளவுப் பி.டி.எஃப்., கைக்கருவிகளுக்கான ஆறு அங்குலப் பி.டி.எஃப். ஆகிய வடிவங்களில் அது தந்து வந்துள்ளது. ஏ4 தாளில் ஒரு பக்கமாக அமைவது ஆறு அங்குலத் திரையில் பல பக்கங்களாக விரியும். ஈபப் வடிவில் படிப்பவர் எழுத்தளவை மாற்றும்போதெல்லாம் பக்கங்களின் எண்ணிக்கை மாறும். ஏட்டெண் படிதோறும் மாறிய சுவடிக் கால நிலையே மீண்டும் தோன்றிவிடுகிறது. நான்கு வடிவங்களிலும் மாறாது நிற்பவை இயல் தலைப்புகளே. பதிகம் செய்த பணியை இங்குத் தலைப்புக் குறியீடு செய்கிறது.

ஈபப் வடிவத்தின் வழிகாட்டுக் கோப்பு தோன்றிய வரலாறும் நினைவுகூரத்தக்கது. 2007இல் வெளியான ஈபப் 2 தரத்தில் பொருளடக்கத்தைத் தாங்கிய என்.சி.எக்ஸ். கோப்பு, பார்வையற்றோருக்கான பேசும் நூல்களுக்கென டெய்சி கூட்டமைப்பு வகுத்த முறையிலிருந்து பெறப்பட்டதாகும். ஒலிநூலைக் கேட்பவர் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கவியலாது. தலைப்பு விட்டுத் தலைப்பு தாவிச் செல்லவே இயலும். திரைவாசிப்பான்களும் இவ்வாறே செயல்படுகின்றன. என்.வி.டி.ஏ. என்னும் கட்டற்ற திரைவாசிப்பானில் 'எச்' விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பிற்குச் செல்லலாம். தடித்த எழுத்தால் மட்டும் தலைப்பிடப்பட்ட ஆவணத்தில் அவ்விசையை அழுத்தினால், தலைப்பு இல்லை என்னும் விடையே கிடைக்கும். பார்வையற்ற ஆய்வாளர் ஒருவர் ஐந்தாம் இயலை அடைவதற்கு முதல் நான்கு இயல்களையும் கேட்டாக வேண்டிய நிலை இதனால் நேர்கிறது.

7. ஆய்வேடுகளில் தலைப்பு நிலைகள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு நெறிமுறைகள் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வகைசெய்தன. அவை சோத்கங்கா களஞ்சியத்தில் பொதுப்பார்வைக்கு வைக்கப்படுகின்றன. முன்னர் ஒரு நூலகத்தின் அடுக்கில் இருந்த ஆய்வேட்டை எவரும் எங்கிருந்தும் படிக்க இது வழிசெய்தது. அங்கு ஆய்வேடுகள் பெரும்பாலும் இயல் வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாக ஏற்றப்படுகின்றன. பொருளடக்கமும் ஒரு தனிக்கோப்பாகவே நிற்பதால், அதில் காணும் பக்க எண் ஆய்வேட்டின் முழு வரிசையைச் சுட்டும். படிப்பவர் திறக்கும் இயற்கோப்போ முதற்பக்கத்திலிருந்து எண்ணப்படும். பக்க எண்ணை மட்டும் நம்பிய பொருளடக்கம் இவ்விடத்தில் பயன் குறைகிறது. ஒவ்வோர் இயற்கோப்பிலும் தலைப்புகள் பாணிகளால் குறிக்கப்பட்டிருந்தால் அக்கோப்பின் பக்கவாட்டிலேயே உட்தலைப்புகளின் பட்டியல் தோன்றி இக்குறையை நீக்கும்.

இதற்கு வேண்டுவன சிலவே. இயலின் பெயருக்குத் தலைப்பு 1, அதன் பகுதிகளுக்குத் தலைப்பு 2, உட்பகுதிகளுக்குத் தலைப்பு 3 என நிலைகளைத் தரவேண்டும். எழுத்தின் தோற்றத்தை விரும்பி ஒரு நிலையைத் தாவி அடுத்ததைத் தருதல் கூடாது. தோற்றம் பிடிக்காவிடின் பாணியின் அமைப்பையே மாற்றவேண்டும். மேற்கோட் செய்யுளைத் தடித்த எழுத்தில் காட்ட வேண்டி அதற்குத் தலைப்புப் பாணி தந்தால் அச்செய்யுள் பொருளடக்கத்தில் நுழைந்துவிடும். ஆவணத்தை முடிக்கும்போது பொருளடக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். பி.டி.எஃப். வடிவிற்கு மாற்றும்போது அச்சிடும் கட்டளையின் வழியே மாற்றினால் தலைப்புச் செய்திகள் பொதுவாக இழக்கப்படும். ஏற்றுமதிக் கட்டளையில் தலைப்புகளிலிருந்து பக்கக்குறிகளை உருவாக்கும் விருப்பத்தைத் தேர்ந்து மாற்றினால் அவை நிலைக்கும்.

இவற்றுள் கருவிப் பயிற்சியைவிட ஆய்வுத் தெளிவே மிகுதியாக வேண்டப்படுகிறது. ஒரு பகுதிக்கு இரண்டாம் நிலை தருவதா மூன்றாம் நிலை தருவதா என்னும் வினா எழும்போது, அப்பகுதி எதனுள் அடங்கும் என்பதை ஆய்வாளர் முடிவு செய்தாக வேண்டும். தானாக உருவான பொருளடக்கத்தில் ஒரே ஓர் உட்தலைப்பு மட்டும் கொண்ட பகுதியோ, தலைப்போடு பொருந்தாத உட்பகுதியோ இருப்பின் அது உடனே புலப்படும். கையால் தட்டச்சு செய்த பொருளடக்கம் இத்தகைய குறைகளை மறைத்துவிடும். ஓரினப் பொருள்களை ஓரிடத்தில் வைப்பதே ஓத்து என்னும் இலக்கணத்தை மீறிய இடங்களைத் தானியங்கிப் பொருளடக்கம் காட்டிக்கொடுக்கிறது.

பழம்பனுவல்களின் மின்பதிப்புகளுக்கும் இது பொருந்தும். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகமும், தமிழ் விக்கிமூலமும் பெருந்தொகையான நூல்களை இணையத்தில் தந்துள்ளன. இத்தகைய மின்பதிப்புகளில் குறளின் இயல்களுக்குத் தலைப்பு நிலை தருபவர் ஓர் உரை மரபைத் தேர்கிறார். ஐங்குறுநூற்றின் பத்துகளை விட்டுவிட்டுப் பாடல் எண்ணை மட்டும் தருபவர் நூலின் ஒரு நிலையையே நீக்கிவிடுகிறார். உ.வே.சா. காலத்துப் பதிப்பாசிரியர் சுவடிகளை ஒப்பிட்டு எடுத்த முடிவு, இன்று குறியிடுபவரின் பொறுப்பாகியுள்ளது.

முடிவுரை

தமிழ் நூல்களில் பகுதிகளைக் காட்டும் முறை மூன்று மாற்றங்களைக் கண்டுள்ளது. படிதோறும் ஏட்டெண் மாறிய சுவடிக் காலத்தில் நூலின் பகுப்பு பெயராலும் வரிசையாலும் தொகையாலும் பனுவலுக்குள் அமைந்தது. சிலப்பதிகார, மணிமேகலைப் பதிகங்கள் அதற்குச் சான்று. அச்சு பக்க எண்ணை நிலையாக்கி, பொருளடக்கத்தை அதனோடு இணைத்தது. பழைய எழுத்துருக்களின் காலத்தில் தலைப்பு என்பது தடித்த எழுத்தாக மட்டும் எஞ்சியது. பக்கம் நிலையற்ற இணையத்திலும் மின்னூலிலும் தலைப்பே மீண்டும் பனுவலின் முகவரியாகிறது.

எனவே தலைப்புப் பாணியைப் பயன்படுத்துவதைத் தட்டச்சுப் பணியாகக் கருதி ஒதுக்குவது பொருந்தாது. ஆய்வுநெறிப் பாடங்களில் மேற்கோள் முறைக்கும் துணைநூற்பட்டியலுக்கும் தரப்படும் இடம் இதற்கும் தரப்படுதல் வேண்டும். அவ்வாறு செய்யின் தாம்பரத்தில் எழுதப்படும் ஓர் ஆய்வேடு, எந்தத் திரையில் திறக்கப்பட்டாலும், கண்ணால் படிப்பவருக்கும் செவியால் கேட்பவருக்கும் தன் இயல்களைத் தானே காட்டி நிற்கும்.